குருசுவிளை ஏற்றத்துக்குப் பல் தேர்ந்தெடுத்த வரலாறு

பல்லைப் பற்றி உலகத்தில் எத்தனையோ பேர் யோசித்திருக்கிறார்கள். பல் வைத்தியர்கள் யோசித்திருக்கிறார்கள். பல்பொடி வியாபாரிகள் யோசித்திருக்கிறார்கள். பல் போனவர்கள் கையில் முறுக்கை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். ஆனால் பல்லைப் பற்றி ஐந்து மாதம், பத்தொன்பது கூட்டம், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் யோசித்த அரசாங்க அலுவலகம் பூமியில் ஒன்றுதான். அது எங்களுடையது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் எழுதியவன் நான் என்பதால் இதைக் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஈசாக். 'கான்கிரீட் மேற்பரப்புச் சொரசொரப்பாக்கல் தனி அலுவலகம், பாறசாலை முகாம்' என்ற போர்டின் கீழே ஹெட் கிளார்க்காக உட்கார்ந்திருந்தேன். போர்டு கட்டடத்தைவிட அரை அடி நீளம். மீதி அரை அடி பக்கத்துச் சைக்கிள் கடைக்கு மேலே நீண்டிருந்ததால், 'முகாம்' என்ற சொல்லுக்குக் கீழே எப்போதும் யாராவது பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் தமிழ் பேசும் பக்கம் போகவேண்டுமா, மலையாளம் பேசும் பக்கம் இருக்கவேண்டுமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்ற காலம். காலையில் ஓர் ஊர்வலம், சாயங்காலம் ஓர் ஊர்வலம். இரண்டிலும் போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஒன்றில் சுக்குக் காப்பி கொடுத்தார்கள், மற்றதில் அவித்த மரச்சீனிக் கிழங்கு கொடுத்தார்கள்.

இந்தப் பெரிய போராட்டத்துக்கு நடுவே ஒரு சின்ன மனு வந்தது. குருசுவிளையில் ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு வரும் கான்கிரீட் ரோடு அதில் ஏறித்தான் வரவேண்டும். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை வருடக்கணக்காக உரசி உரசி, அந்த இடத்தில் ரோடு மொழுமொழுவென்று ஆகிவிட்டது. வெயிலில் பரவாயில்லை. மழை பெய்தால் மனிதனே நிற்கமாட்டான். பாரம் இழுக்கும் மாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்த ஏற்றத்தில் தினமும் ஏறியாகவேண்டியவன் கனகதாஸ். பெருங்கடவிளைச் சந்தையிலிருந்து மரச்சீனியும் வாழைக்குலையும் தேங்காயும் ஏற்றிப் பாறசாலை ஸ்டேஷனில் இறக்குவான். வாயைத் திறந்து பத்து வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதன். அவனுக்கும் சேர்த்துப் பேச ஆண்டவர் ரத்னபாயைக் கொடுத்திருந்தார். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதியது அவள்தான்.

மனுவின் சாரம் இது: அவர்களிடம் தாவீது, சிம்சோன் என்று இரண்டு காளைகள் இருந்தன. போன வருஷம் வைகாசியில் பிடித்த இடவப்பாதி மழையில் தாவீது அந்த ஏற்றத்தில் வழுக்கிக் கால் ஒடிந்து போய்விட்டது. கடன் வாங்கி யோனா என்று ஒரு கன்றுப் பருவத்துக் காளையைச் சேர்த்திருக்கிறார்கள். பாரத்தின் முக்கால் பங்கை இழுப்பது சிம்சோன்தான். அடுத்த இடவப்பாதிக்குள் அந்த ஏற்றத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கித் தராவிட்டால் சிம்சோனும் போய்விடும். சிம்சோன் போனால் வீட்டில் நாலு பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை.

ஏழு மனு தமிழில் வந்தது. மலையாளத்தில் எழுதச் சொன்னோம், ஏழு மனு மலையாளத்தில் வந்தது. அரசாங்கம் பதினான்கு மனுவுக்கு இரங்கியது. எங்கள் அலுவலகம் பிறந்தது. ஆறே மாதத்தில் கப்பலேறி ஓர் இயந்திரம் வந்து சேர்ந்தது.

அந்த இயந்திரத்தைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். பார்வைக்கு ஒரு தள்ளுவண்டி. மேலே மண்ணெண்ணெய் எஞ்சின். அடியில் ஓர் உருளை. உருளையைச் சுற்றி ஆறு தண்டுகள். தண்டுகளில் 'பல்'லைக் கோத்து ஓட்டினால் உருளை சுழலும், பல் கான்கிரீட்டைக் கொத்தும். கொத்தனார் உளியை வைத்து ஒரு வாரம் செய்வதை அது ஒரு மணி நேரத்தில் செய்துவிடும். ஊரில் அதற்குக் 'கொத்து மெஷின்' என்று பெயர் வைத்தார்கள். பத்து மைல் தள்ளியிருந்தும் ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இயந்திரத்தோடு மூன்று பெட்டிகள் வந்தன. ஒன்றில் நட்சத்திரப் பல்: வட்டத் தகடு, சுற்றிலும் முனை. மேலே ஒட்டியிருக்கும் பெயிண்ட், தார் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கும். இன்னொன்றில் பட்டைப் பல்: கனத்த இரும்பு, கான்கிரீட்டில் கோடு கோடாகப் பள்ளம் வெட்டும். மூன்றாவதில் கம்பி பிரஷ்: வெட்டாது, தேய்த்துத் துடைக்கும்.

எலியா எங்கள் ஃபிட்டர். அவன் பெட்டிகளைத் திறந்தான். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எடை பார்த்தான். கட்டைவிரலால் முனையைத் தடவினான். பிறகு அலுவலகத்துக்குள் வந்து, தலைமை வகித்த எஞ்சினீயர் கிருஷ்ணன்குட்டி சாரின் முன்னால் நின்று, இந்த வரலாற்றின் மிகப் பெரிய ஒழுங்கீனத்தைச் செய்தான்.

"சாரே, ஆறு தண்டிலயும் பட்டைப் பல்லு போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். குறுக்கால கோடு வெட்டினா மாட்டுக்க குளம்பு அதில பிடிச்சு நிக்கும். ரெண்டு நாளு வேலையாக்கும். நாளைக்கே தொடங்கட்டா?"

எஞ்சினீயர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது நீ தீருமானிச்சா மதியோ எலியா? பின்னே இந்த ஆஃபீஸ் எந்தினா?"

இந்த அலுவலகம் எதற்கு என்றே எலியாவிடம் கேட்டுவிட்டார். எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூட்டம் போடாமல் ஒரு முடிவுக்கு வந்த மனிதனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்று மாலையே 'பல் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. எலியா அதில் 'பார்வையாளர்' ஆனான்.

குழு முதல் கூட்டத்தில் பிஸ்கட் எது என்று முடிவு செய்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது: குருசுவிளை ஏற்றத்தில் எழுத்து முளைத்துவிட்டது. போய்ப் பார்த்தோம். ஏற்றத்தின் மேல்பாதியில் ஆளுயரத் தார் எழுத்தில், கீழிருந்து மேலாக வரிக்கு ஒரு சொல்லாக, 'நெய்யாறு வரை தமிழ் மண்' என்று எழுதியிருந்தது. அடுத்த நாள் போய்ப் பார்த்தால் கீழ்ப்பாதியில் அதே உயரத்தில், அதே தாரில், மலையாளத்தில் 'ஒரு பிடி மண்ணும் தரில்ல', அதாவது தரமாட்டோம், என்று எழுதியிருந்தது. ரோட்டின் அகலம் முழுக்க எழுத்து. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு முழம் சிமெண்டு தெரிந்தது.

இப்போது பிரச்சினை தன் உண்மையான உயரத்துக்கு வந்தது. மாடு வழுக்குவது ஒரு விஷயமா? எழுத்தின் மேல் பல்லை ஓட்டலாமா, ஓட்டினால் எந்தப் பல்லை ஓட்டலாம் என்பதல்லவா விஷயம்! மேலிடத்துக்கு எழுதினோம். 'உள்ளூர் உணர்வுகளை மதித்துச் செயல்படவும்' என்று பதில் வந்தது. அதன் பொருள் 'எங்களைக் கேட்காதே' என்பது கிளார்க்குகளுக்குத் தெரியும்.

ஆகவே உள்ளூர் உணர்வுகளைக் கூட்டத்துக்கு அழைத்தோம். தமிழ் உணர்வின் சார்பில் கொப்பரை வியாபாரி ரெத்தினதாஸ் வந்தார். மலையாள உணர்வின் சார்பில் வாழைக்குலை வியாபாரி பொன்னப்பன் வந்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள். ஒரே சைக்கிளில் வந்தார்கள். போகும்போது ரெத்தினதாஸ் மிதிக்க, வரும்போது பொன்னப்பன் மிதிக்க என்று ஏற்பாடு. இருவருக்கும் இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. கோபம் வந்தால் மட்டும் பாஷையை மாற்றிக்கொள்வார்கள். இருவருடைய சரக்கும் கனகதாஸின் வண்டியில்தான் வரும்.

நான் மூன்று பல்லையும் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எல்லோரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

ரெத்தினதாஸ் நட்சத்திரப் பல்லைக் கையில் எடுத்தார். "நல்ல பல்லாக்கும் சாரே. எனக்கு இதில ஒரு எதிர்ப்பும் கிடையாது. மலையாள எழுத்துக்க மேல தாராளமா ஓட்டுங்க."

"நானும் அதேதான் சொல்ல வந்தேன்" என்றார் பொன்னப்பன். "இதுபோல ஒரு பல்லு கிட்டாது. தமிழ் எழுத்துல ஓட்டினா சுத்தமா எடுத்திரும்."

'இரு தரப்பும் நட்சத்திரப் பல்லை ஏகமனதாகப் பாராட்டின' என்று குறிப்பு எழுதினேன்.

"அப்பம் பட்டைப் பல்லு?" என்றார் எஞ்சினீயர் சார். "அது எழுத்தை அழிக்கில்லா. குறுக்கே கோடு மாத்திரம் போடும்."

"கோடா?" ரெத்தினதாஸ் எழுந்துவிட்டார். "எழுத்துக்க மேல கோடு கிழிச்சா என்ன அர்த்தம் சாரே? தப்பா எழுதினவனுக்க நோட்டுல வாத்தியார் போடுவாரே, அதுல்லா கோடு! நாங்க தப்பாவா எழுதியிருக்கோம்?"

"எங்களுக்கு மட்டும் கோடு போட்டா இனிக்குமா?" என்றார் பொன்னப்பன். "சாரே, கோடு விழுந்தா நாளைக்குக் கடை அடைப்பு. அதில நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாக்கும்."

இருவரும் ஒத்துப்போன ஒரே நிமிஷம் அதுதான். எங்களுக்குக் கண் கலங்கியது.

இப்படி ஏழு கூட்டம் நடந்தது. எட்டாவது கூட்டத்தில் வாசல் பக்கம் சத்தம் கேட்டது. ரத்னபாய் உள்ளே வந்துவிட்டாள். பின்னால் கனகதாஸ், துண்டை இரண்டு கையிலும் சுருட்டிக்கொண்டு, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"கிளார்க்கு சாரே, மகர மாசம் போச்சு, கும்ப மாசமும் போவுது. மழைக்கு இன்னும் மூணு மாசந்தான் உண்டு. எனக்க ரோடு எப்பம் கொத்துவிய?"

"பல் முடிவாக வேண்டாமா அம்மா?" என்றேன் மிகவும் பொறுமையாக.

"பல்லு முடிவாவ இத்தனை பேரா? எனக்க பிள்ளைக்குப் பல்லு முளைச்சப்பம்கூட நான் யாரையும் கூப்பிடல்ல."

"ரத்னபாய், இது எழுத்து சம்பந்தப்பட்ட விஷயம்" என்றார் ரெத்தினதாஸ். "மொழிக்குக் காயம் வரக்கூடாது, பாத்துக்க."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கட்டா? கால் ஒடிஞ்சப்பம் எனக்க தாவீது கத்தின கத்து உங்க கடை வரைக்கும் கேட்டுச்சுல்லா? இந்த எழுத்து ஒருநாளாவது கத்திச்சா?"

பொன்னப்பன் ஜன்னல் வழியாகச் சைக்கிளைப் பார்த்தார். ரெத்தினதாஸ் பிஸ்கட்டைப் பார்த்தார். நான் 'கேள்வி கூட்டத்தின் பொருளுக்கு அப்பாற்பட்டது' என்று எழுதினேன். கனகதாஸ் வெளியிலிருந்து, "வா பிள்ளே, போவோம்" என்று மட்டும் சொன்னான்.

அவள் போன பிறகு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் என் மூளை வேலை செய்தது என்று நினைக்கிறேன். பதின்மூன்றாவது கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். ஹெட் கிளார்க் கூட்டத்தில் எழுந்து நிற்பது வழக்கமில்லை. காற்றாடியை நிறுத்தப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"சார், எழுத்தின் மேல் வெட்டுவதில்தானே தகராறு? எழுத்தின் மேல் வெட்டவே வேண்டாம். எழுத்துக்குப் பிரஷ், இடைவெளிக்குப் பல்!"

விளக்கினேன். இயந்திரம் எழுத்தின் மேல் வரும்போது உருளையில் கம்பி பிரஷ். எழுத்து தாண்டி இடைவெளி வந்ததும் நிறுத்தி, பிரஷைக் கழற்றி, பட்டைப் பல். மறுபடி எழுத்து வந்தால் மறுபடி பிரஷ். மொழிக்கும் காயமில்லை, திட்டமும் நிறைவேறும். மூன்றாவது பெட்டியும் வீணாகாது.

எஞ்சினீயர் சார் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஈசாக்கே, நீ ஐ.ஏ.எஸ். எழுதவேண்டிய ஆளாணு!" என்றார். ரெத்தினதாஸும் பொன்னப்பனும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

மூலையிலிருந்து எலியா கையைத் தூக்கினான். "சாரே, ஒரு காரியம் உண்டு. தாருக்க மேல கம்பி பிரஷ் ஓட்டினா அது சூட்டுல இளகித் தேஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிரும். இப்பம் இருக்கதவிட மோசமா வழுக்கும். ரோட்டுல பாதிக்கு மேல எழுத்தாக்கும். மாடு எங்க கால் வைக்கும்?"

'பார்வையாளர் ஒரு சந்தேகம் கேட்டார், விளக்கம் அளிக்கப்பட்டது' என்று எழுதினேன். யாரும் விளக்கம் அளிக்கவில்லை. எழுதும்போது எனக்கு அது தெரியும்.

முடிவான சமயத்தில் பொன்னப்பன் ஒரு கணக்கோடு வந்தார். தமிழில் பதினோரு எழுத்து, மலையாளத்தில் ஒன்பதே எழுத்து. அரசாங்கச் செலவில் தமிழுக்கு இரண்டு எழுத்து அதிகமாகத் துடைப்பது எந்த ஊர் நியாயம்? நான்கு கூட்டம் இதற்குப் போனது. கடைசியில் சமநிலை கருதி, மலையாள வாசகத்தின் இறுதியில் இரண்டு ஆச்சரியக்குறி அரசாங்கமே தார் வாங்கிப் போட்டுக் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. 'தரில்ல!!' என்று இப்போது அது இன்னும் கம்பீரமாக இருந்தது. எலியாதான் போட்டான். உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டான்.

வேலை தொடங்கியது. ஓர் எழுத்துக்குப் பிரஷ், ஓர் இடைவெளிக்குப் பல். தண்டைக் கழற்ற அரை மணி, மாட்ட அரை மணி. இடைவெளியில் பல் விழும்போது குழு உறுப்பினர் இருவரும் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து, தங்கள் எழுத்தின் ஓரத்தில் முனை பட்டுவிடாமல் கண்காணித்தார்கள். எலியா இரண்டு நாளில் முடிப்பேன் என்ற வேலையை நாங்கள் ஏழு வாரத்தில் கச்சிதமாக முடித்தோம். மழைக்குரிய இடவ மாதம் பிறந்து பத்து நாளாகியிருந்தது.

ஆனால் அழகு என்றால் அதுதான் அழகு! எழுத்துகள் புதுப் பாத்திரம்போல மின்னின. அரை மைல் தூரத்திலிருந்து படிக்கலாம். இடைவெளிகள் எல்லாம் சொரசொரவென்று விதிப்படி இருந்தன. இரண்டு கட்சிக்காரர்களும் மாலை வாங்கி வந்தார்கள். ஒன்று எஞ்சினீயர் சாருக்கு, ஒன்று இயந்திரத்துக்கு.

ஐந்தாம் நாள் மழை பிடித்தது. எங்கள் மேற்பார்வையில் முதல் பாரம் ஏறுவதைப் பார்க்க எல்லோரும் குடையோடு ஏற்றத்தின் ஓரத்தில் நின்றோம். கீழேயிருந்து கனகதாஸின் வண்டி வந்தது. ரெத்தினதாஸின் கொப்பரை நாலு சாக்கு, பொன்னப்பனின் வாழைக்குலை மேலே. சிம்சோன் வலப்பக்கம், யோனா இடப்பக்கம். கனகதாஸ் இறங்கி நின்று ரோட்டைப் பார்த்தான். பிறகு சிம்சோனின் நெற்றியை ஒருதரம் தடவிவிட்டு, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். ரத்னபாய் வண்டிக்குப் பின்னால் தோள் கொடுத்தாள்.

'ஒரு' தாண்டியது. 'பிடி' தாண்டியது. இடைவெளியில் கால் விழுந்தபோதெல்லாம் சிம்சோன் திடமாக நின்றது. எங்கள் பல் அருமையாக வேலை செய்திருந்தது. 'மண்ணும்' தாண்டும்போது குளம்பு இரண்டுதரம் சறுக்கியது, சமாளித்துக்கொண்டது. "எலே சிம்சோனே, பைய, பைய மக்கா" என்று கனகதாஸ் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மலையாளம் முடிந்து தமிழ் தொடங்கும் இடத்தில் நான்கு காலும் ஒரே நேரத்தில் எழுத்தின் மேல் வந்தன.

சிம்சோன் விழுந்தது. நுகத்தோடு திருகி, வண்டி பின்னால் இழுக்க, முட்டி மடிந்து விழுந்தது. ரத்னபாய் எப்படியோ ஓரமாகத் துள்ளிவிட்டாள். வாழைக்குலைகள் சரிந்து உருண்டன. வலது பின்கால் முட்டிக்குக் கீழே தனியாகத் தொங்கியது. கனகதாஸ் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மழையில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். கால் ஒடிந்த வண்டி மாட்டுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை ஃபைலில் எழுதவில்லை, இங்கே சொல்கிறேன்.

மறுநாளே 'விசாரணை' தொடங்கியது. எங்கள் அலுவலகம் எதிலும் தாமதித்ததில்லை. விசாரணையின் பொருள்: மாடு எந்த மொழியில் வழுக்கியது?

"முன்காலு நெய்யாறுக்க மேல" என்றார் பொன்னப்பன். "தமிழாக்கும் சதிச்சது."

"ஒடிஞ்சது பின்காலுல்லா?" என்றார் ரெத்தினதாஸ். "பின்காலு எங்க நின்னு? மலையாளத்தில!"

டேப் பிடித்து அளந்தோம். ரத்தக் கறை மழையில் போய்விட்டது. குளம்பு இழுத்த கோடு மட்டும் இருந்தது. எஞ்சினீயர் சார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், முகம் வெளுத்துவிட்டது. பின்கால் வழுக்கியது ஆச்சரியக்குறியில்.

"அது எங்களுக்க எழுத்தில்ல" என்று உடனே சொன்னார் பொன்னப்பன். "அது ஆஃபீஸ் போட்டதாக்கும். தீர்மானம் உண்டு."

தீர்மானம் இருந்தது. என் கையெழுத்தில் இருந்தது. எஞ்சினீயர் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஈசாக்கே, ஒரு வழி பறயு."

கனகதாஸைச் சாட்சி விசாரித்தோம். மாடு எங்கே பார்த்துக்கொண்டு ஏறியது, கால் வைக்கும் இடத்தைப் பார்த்ததா என்று கேட்டேன்.

"அது என்னையப் பாத்துட்டு வந்துச்சு சாரே" என்றான்.

போதும். 'விலங்கு கால் வைக்கும் இடத்தைக் கவனிக்காமல் உரிமையாளரின் முகத்தைப் பார்த்தபடி ஏறியதே விபத்துக்குக் காரணம்' என்று அறிக்கை எழுதினேன். இரண்டு தரப்பும் அதை மனமார ஏற்றன. எதிர்காலத்தில் இப்படி நடக்காமல் இருக்க ஏற்றத்தின் அடியில் அறிவிப்புப் பலகை வைப்பதென்று தீர்மானித்தோம். தமிழ் மேலேயா, மலையாளம் மேலேயா என்ற கேள்வி வந்தது. இரண்டு கம்பம் நட்டு, நூல் பிடித்து ஒரே உயரத்தில் இரண்டு பலகை வைத்தோம். 'மாடுகள் எழுத்துகளை மிதிக்காமல் இடைவெளியில் மட்டும் கால் வைத்து ஏறவேண்டும். உத்தரவுப்படி.'

பலகை பலன் தருகிறதா என்று பார்க்க ஒரு காலையில் எஞ்சினீயர் சாரும், நானும், கட்சிக்காரர் இருவரும் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து ஒரு வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. பாதி பாரம்தான். நுகத்தின் இடப்பக்கம் யோனா. வலப்பக்கம் கனகதாஸ். நுகத்தடியைத் தோளில் தாங்கி, துண்டைக் கழுத்துக்குச் சும்மாடு கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு, இடைவெளி பார்த்து ஒவ்வோர் அடியாக வைத்தான். யோனாவையும் தோளால் இடித்து இடித்து இடைவெளிக்கு நகர்த்தினான். ஓர் எழுத்தைக்கூட மிதிக்கவில்லை. பின்னால் ரத்னபாய் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கண்டோ ஈசாக்கே!" என்றார் எஞ்சினீயர் சார் பூரிப்போடு. "போர்டு பலிச்சு!"

எங்கள் அருகில் வந்ததும் ரத்னபாய் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. நாங்களும் அவளும் ஒரே சபையில் ஒரே பெஞ்சு வரிசையில் உட்காருகிறவர்கள்.

"ஈசாக்கு அண்ணே" என்றாள். "எனக்க வீட்டுக்காரரு நாலாம் கிளாஸ் வரை படிச்சிருக்காரு. உங்க ரோட்டுல பாரம் இழுக்க அது மதியா, இன்னும் படிக்கணுமா?"

ரெத்தினதாஸும் பொன்னப்பனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வண்டியில் இருந்தது அவர்கள் சரக்குதான்.

அலுவலகம் திரும்பியதும் திட்ட நிறைவு அறிக்கையை எழுதினேன். எஞ்சினீயர் சார் கையெழுத்துப் போட்டார், இரண்டு உணர்வுகளும் கையெழுத்துப் போட்டன, எனக்கு அடுத்த மாதமே சம்பள உயர்வு வந்தது. அந்த அறிக்கையின் கடைசி வரி இது: 'எழுதப் படிக்கத் தெரிந்த, உத்தரவுக்குக் கீழ்ப்படிகிற மாடு ஒன்று இந்த அலுவலகத்தின் முயற்சியால் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டுள்ளது.'